பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (சூலை 17, 1914 – சூலை 8, 2003) தமிழ்நாட்டில் பிறந்து, வேலூரிலும் பின்னர் ஐக்கிய அமெரிக்காவிலும் பணியாற்றிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆவார். தொழுநோயால் செயலிழந்த கை, கால்களைச் சீராக்கும் அறுவை மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்கு வலியுணர்வு இல்லாமையே முதன்மைக் காரணம் என்பதை இவருடைய ஆய்வுகள் எடுத்துக்காட்டின.

பாதம் ஒரே ஒரு பெரிய அடியால் கெடுவதைவிட, திரும்பத் திரும்ப விழும் சிறு அழுத்தங்களால் கெடுவதே மிகுதி என்பதும், போதிய ஓய்வும் படிப்படியான பழக்கமும் கிடைத்தால் அதே பாதம் வலுப்பெறும் என்பதும் இவருடைய முக்கியமான கண்டறிதல்கள். தொழுநோய் மருத்துவத்தில் தோன்றிய இக்கருத்து, நீரிழிவு நோயாளரின் பாதப் பாதுகாப்புக்கும், காலில் காயமுற்றவர் மீண்டும் நடக்கவும் ஓடவும் பழகும் முறைக்கும் பொருந்துவதாகும்.

பிறப்பும் இளமையும்

பால் பிராண்ட், ஜெசி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்னும் கிறித்தவ ஊழியர் இணையருக்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் கொல்லிமலையில் வீடு கட்டிக் குடியேறி, மலைவாழ் மக்களிடையே மருத்துவம், கல்வி, வேளாண்மை, தச்சு எனப் பல பணிகளில் ஈடுபட்டிருந்தனர். முறையான மருத்துவக் கல்லூரிப் படிப்பு இல்லாதபோதிலும் ஜெசி பிராண்ட் குறுகிய காலப் பயிற்சி ஒன்றைப் பெற்றிருந்தார். மலையில் மிகுதியாகக் காணப்பட்ட நரம்புச்சிலந்தி நோய்க்கு அவர் மருத்துவம் செய்தார். நோயாளியின் காலிலிருந்து வெளிவரும் நீண்ட புழுவை ஒரு சிறு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் நாள்தோறும் சிறிது சிறிதாக இழுத்தெடுப்பதே அம்முறை. சிறுவனான பால் இதை அருகிலிருந்து பார்த்து வளர்ந்தார்.

ஒருமுறை தொழுநோயாளர் சிலர் மருத்துவம் நாடி வீட்டுக்கு வந்தபோது, தந்தை பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு அவர்களுடைய பாதங்களைக் கழுவிக் கட்டுப்போட்டார். அவர்கள் இருந்த இடத்தை மிதிக்கவும் பிள்ளைகள் அஞ்சினர். அந்நாளில் அந்நோய் குறித்து எங்கும் நிலவிய அச்சம் அத்தகையது. பிற்காலத்தில் தம் வாழ்நாள் முழுவதையும் அந்நோயாளரின் கை கால்களோடு செலவிட்ட பிராண்ட், இந்நிகழ்வைத் தம் நூலில் நினைவுகூர்ந்துள்ளார்.

1923ஆம் ஆண்டு, ஒன்பது வயதில், படிப்பதற்காகத் தங்கையுடன் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தையை அதன்பின் அவர் காணவில்லை. ஜெசி பிராண்ட் 1929ஆம் ஆண்டு கடுமையான மலேரியாவின் ஒரு வகையான கருநீர்க் காய்ச்சலால் கொல்லிமலையிலேயே காலமானார்.

கல்வி

பள்ளிப்படிப்பில் பெரிய ஆர்வம் காட்டாத பிராண்ட், பதினாறு வயதில் பள்ளியை விட்டு விலகிக் கட்டடத் தொழில் பயின்றார். தச்சு, கொத்து, கல்வேலை ஆகியவற்றில் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பயிற்சி பெற்றார். பொருளின் தன்மை, அது தாங்கும் சுமை, எந்த இடத்தில் அழுத்தம் குவிகிறது என்பன குறித்த இக்கைப்பழக்கம் பிற்காலத்தில் பாத ஆய்வில் அவருக்குப் பெரிதும் துணைசெய்தது.

இந்தியாவில் பணியாற்ற விரும்பியவர், அதற்கான ஆயத்தமாக மருத்துவத்தில் குறுகிய காலப் பயிற்சி ஒன்றை மேற்கொண்டார். அப்பயிற்சியே அவருடைய உள்ளத்தை மருத்துவத்தின்பால் திருப்பியது. 1937ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது செருமானிய வான்படை இலண்டன் மீது குண்டுவீசிய காலத்தில், காயமுற்றோருக்கு அறுவை மருத்துவம் செய்யும் பணியில் ஈடுபட்டார். உடன் பயின்ற மார்கரெட் பெர்ரியை 1943இல் மணந்தார்.

வேலூர் வருகை

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பொறுப்பிலிருந்த தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேனின் அழைப்பை ஏற்று, 1946இன் இறுதியில் பிராண்ட் வேலூருக்கு வந்தார். அறுவை மருத்துவத்தைக் கற்பிப்பதே அவருக்கு முதலில் அளிக்கப்பட்ட பணி. அடுத்த ஆண்டில் மார்கரெட் பிராண்ட் குழந்தைகளுடன் வந்து சேர்ந்தார். அவர் கண் மருத்துவத்தில் ஈடுபட்டு, தொழுநோயாளரின் பார்வையிழப்பைத் தடுப்பதில் வல்லுநரானார்.

1947இல் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே மடங்கிய விரல்களும் தேய்ந்த பாதங்களும் கொண்ட நோயாளர் பலரைப் பிராண்ட் கண்டார். இக்குறைபாடுகளை எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றின் கண்கொண்டு ஆராய்ந்தவர் அதுவரை எவருமில்லை என்பதை அறிந்து வியந்தார். அன்று அவர் தம் கையை ஒரு நோயாளியிடம் கொடுத்து அழுத்தச் சொன்னபோது, உருக்குலைந்த அக்கையின் பிடி எதிர்பாராத வலிமையுடன் இருந்தது. அந்நோயாளிக்கோ தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை. கையில் சில தசைகள் செயலிழந்தாலும் வேறு சில தசைகள் முழு வலிமையுடன் எஞ்சியிருக்கின்றன, உணர்வு மட்டும் மறைந்துள்ளது என்னும் உண்மையை அப்பிடி அவருக்கு உணர்த்தியது.

நரம்பு பற்றிய ஆய்வு

தொழுநோயை உண்டாக்கும் நுண்ணுயிரியை நோர்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873இல் கண்டறிந்திருந்தார். எனினும் நோய் உடலை எவ்வாறு சிதைக்கிறது என்பது தெளிவாகவில்லை. விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்றே மக்களும் மருத்துவர் பலரும் நம்பினர்.

பிராண்டும் உடன் பணியாற்றியோரும் ஏராளமான நோயாளரைச் சோதித்து, எந்தெந்தத் தசைகள் செயலிழக்கின்றன என்று பதிவு செய்தனர். எல்லா நோயாளரிடமும் செயலிழப்பு ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் அமைந்திருந்தது. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில், தோலுக்கு அண்மையில் குளிர்ச்சியான பகுதியில் செல்லும் நரம்புகளே வீங்கிக் கெடுகின்றன என்பது தெரியவந்தது. உடலின் ஆழத்திலுள்ள நரம்புகளும் அவற்றால் இயங்கும் தசைகளும் பெரும்பாலும் நலமாகவே இருந்தன.

இதன் அடிப்படையில், நலமான தசையின் தசைநாணை எடுத்துச் செயலிழந்த தசையின் இடத்தில் பொருத்தும் அறுவை முறையைத் தொழுநோயாளருக்கு அவர் கையாண்டார். மடங்கிய விரல்கள் நீண்டன. காலில் இம்முறை பாதத் தொய்வைச் சீராக்கப் பயன்பட்டது. முழங்காலுக்கருகே நரம்பு கெடும்போது பாதத்தின் முன்பகுதியை மேலே தூக்க இயலாமல் போகிறது. அடி வைக்கும்போதெல்லாம் பாதம் தொங்கித் தரையில் தட்டுகிறது. காலின் பின்பக்கத்தில் ஆழத்திலுள்ள ஒரு தசையின் நாணை முன்பக்கத்துக்கு மாற்றியபோது, நோயாளியால் மீண்டும் பாதத்தைத் தூக்கி நடக்க முடிந்தது. எனினும் தசைநாணை மாற்றிவிட்டால் மட்டும் போதாது. அதுவரை ஒரு வேலையைச் செய்துவந்த தசைக்கு வேறொரு வேலையைக் கற்பிக்க வாரக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது.

புதுவாழ்வு நிலையம்

அறுவைக்குப் பின் வீடு திரும்பிய சிலர், சீரான கைகளுடன் பிச்சை கேட்டால் எவரும் தருவதில்லை என்று முறையிட்டனர். கை நலமாவது வாழ்வு நலமாவதற்கு ஒரு படியே என்பதை இது காட்டியது. ஆகவே வேலூரில் நோயாளர் தங்கித் தொழில் கற்கும் சிற்றூர் போன்ற நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. தச்சு வேலையைப் பிராண்டே கற்பித்தார்.

புதிதாகச் சீராக்கப்பட்ட கைகளில் காயங்கள் தோன்றியதை அவர் அங்கேதான் கூர்ந்து கவனித்தார். சுத்தியலின் பிளவுபட்ட கைப்பிடி, சூடான பாத்திரம், விளக்கின் சுடர் எனக் காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. காரணம் புலப்படாமல் இரவில் விரல் குறைந்த நிகழ்வுகளும் இருந்தன. கண்விழித்துக் காத்திருந்தபோது, உறங்குவோரின் உணர்வற்ற விரல்களை எலிகள் கடிப்பது கண்டறியப்பட்டது. அதன்பின் வீடு திரும்பும் நோயாளர் பூனை ஒன்றையும் உடன் கொண்டு செல்வது வழக்கமாயிற்று. ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் உண்டு என்னும் கொள்கை இவ்வாறு வலுப்பெற்றது.

1955இல் வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரியில் சீஃபெலின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை தொடங்கப்பட்டது. பிராண்டின் பாத ஆய்வுகளுக்கு அது முக்கிய இடமாக விளங்கியது.

ஆறாப் புண்ணின் காரணம்

கைகளைவிடப் பாதங்களே பெரிய சிக்கலாக இருந்தன. உள்ளங்காலில் தோன்றும் குழிப்புண்கள் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் இருந்து, எலும்பு வரை பரவி, இறுதியில் காலை நீக்கும் நிலைக்குக் கொண்டுசென்றன. தொழுநோயாளரின் சதைக்கு ஆறும் தன்மை இல்லை என்பதே அதுவரை நிலவிய கருத்து.

நோயாளரைப் படுக்கையில் வைத்து நடக்கவிடாமல் செய்தபோது, அவர்களுடைய புண்கள் மற்றவர்களுடைய புண்களைப் போலவே ஆறின. எழுந்து நடந்ததும் மீண்டும் திறந்துகொண்டன. ஆகவே சதையில் குறையில்லை. புண்ணின் மீதே நடப்பதுதான் குறை என்று பிராண்ட் முடிவுசெய்தார். காலில் முள் தைத்த ஒருவர் நொண்டுகிறார். அந்த நொண்டுதலே காயத்துக்கு ஓய்வளிக்கும் மருந்தாகிறது. உணர்வற்றவர் நொண்டுவதில்லை. கணுக்கால் மூட்டு குலைந்திருந்தும் ஊன்றுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிவந்த இளைஞர் ஒருவரைப் பற்றிப் பிராண்ட் எழுதியுள்ளார். அவ்விளைஞர் வலிமையால் ஓடவில்லை. நிறுத்தச் சொல்லும் வலி அவருக்கு இல்லாமற்போனதால் ஓடினார்.

மாவுக்கட்டும் காலணியும்

நோயாளர் அனைவரையும் மாதக்கணக்கில் படுக்கையில் வைத்திருப்பது இயலாத செயல். இலங்கையைச் சேர்ந்த அறுவை மருத்துவர் மில்ராய் பால், 1930களில் தொழுநோயாளரின் பாதப் புண்களுக்கு மாவுக்கட்டுப் போட்டு நல்ல பயன் கண்டிருந்தார். பிராண்ட் இம்முறையை மேற்கொண்டு வளர்த்தார். பாதத்தையும் கணுக்காலையும் ஒட்டி அமையும் மாவுக்கட்டு, உடலின் எடையை உள்ளங்கால் முழுவதும் பரப்பிவிடுகிறது. புண்ணின் மீது அழுத்தம் குவிவதில்லை. நோயாளி நடமாடிக்கொண்டே குணமடைய முடிகிறது. பின்னர் பிராண்ட் இம்முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். நீரிழிவுப் பாதப் புண்களுக்கு இன்றும் இது சிறந்த முறைகளுள் ஒன்றாகக் கையாளப்படுகிறது.

புண் ஆறியபின் அது மீண்டும் வராமல் காப்பது அடுத்த சிக்கல். மரம், மெழுகு, நெகிழி எனப் பல பொருள்களில் காலணிகள் செய்து பார்க்கப்பட்டன. நடக்கும்போது முன்பாதம் வளையாமல் உருண்டு செல்லும்படி, வளைந்த அடியுடைய கட்டைக் காலணியும் அவற்றுள் ஒன்று. இறுதியில் நுண்ணிய காற்றறைகள் கொண்ட மென்மையான இரப்பரை உள்தளமாகவும், முள்ளும் ஆணியும் துளைக்காத உறுதியான பொருளை வெளித்தளமாகவும் கொண்ட செருப்பு உருவாயிற்று. இது எம்.சி.ஆர். செருப்பு எனப்படுகிறது. இந்திய அரசின் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் இவ்வகைச் செருப்புகள் வழங்கப்படுகின்றன. நீரிழிவு நோயாளரும் இவற்றைப் பரவலாக அணிகின்றனர்.

குதிகால் நிகழ்வு

1950களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பயணத்தை முடித்துக்கொண்டு பிராண்ட் இங்கிலாந்து வந்தார். காய்ச்சலால் களைத்திருந்த அவர், தொடர்வண்டியில் நெடுநேரம் அமர்ந்து இலண்டன் சேர்ந்தார். இரவில் காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்வில்லை என்பதை அறிந்தார். ஊசியால் குத்தியும் வலிக்கவில்லை. தொழுநோய் தம்மைப் பற்றிவிட்டது என்றே நம்பினார். குடும்பத்தைப் பிரிய வேண்டியிருக்கும், அறுவைப் பணி முடிந்துவிடும் என்னும் எண்ணங்களுடன் அவ்விரவைக் கழித்தார். காலையில் மீண்டும் குத்திப் பார்த்தபோது கடுமையாக வலித்தது. நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்ததால் ஒரு நரம்பு அழுந்தித் தற்காலிகமாக மரத்திருந்ததே உண்மை. வலி ஒரு கொடை என்னும் கருத்து அவருடைய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்நிகழ்வும் ஒரு காரணம்.

கார்வில் ஆய்வுகள்

1966இல் பிராண்ட் குடும்பத்துடன் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று, லூசியானா மாநிலத்தில் கார்வில் என்னுமிடத்திலிருந்த அரசுத் தொழுநோய் மருத்துவமனையில் மறுவாழ்வுப் பிரிவின் தலைவரானார். 1986இல் ஓய்வு பெறும் வரை அங்குப் பணியாற்றினார். வேலூரில் பட்டறிவால் கண்டவற்றை அளந்து நிறுவும் வாய்ப்பு அங்குக் கிடைத்தது.

பாதம் கெடும் வழிகளை அவர் வகைப்படுத்தினார். முதலாவது, இறுக்கமான காலணி போலச் சிறிய அழுத்தம் பல மணிநேரம் இடைவிடாமல் இருந்து குருதி ஓட்டத்தைத் தடுப்பது. இரண்டாவது, ஆணியை மிதிப்பது போன்ற ஒரே பெரிய அழுத்தம். மூன்றாவது, தனித்து நோக்கினால் தீங்கற்ற மிதமான அழுத்தம் பல்லாயிரம் முறை திரும்ப விழுவது. இவற்றுடன், புண்பட்ட பாதத்தில் நடப்பதால் கிருமித்தொற்று ஆழத்துக்குப் பரவுவதையும் அவர் சேர்த்தார். இவற்றுள் மூன்றாவது வழியே எவரும் கவனியாதது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சாலை வழித் தொலைவு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஓர் அடிக்கு 75 செ.மீ. எனக் கொண்டால், இத்தொலைவை நடந்து கடப்பவர் 60,000 அடிகள் வைக்கிறார். ஒவ்வொரு பாதமும் 30,000 முறை உடலின் எடையைத் தாங்குகிறது. ஓடும்போது ஓர் அடியில் பாதத்தின் மீது விழும் விசை உடலெடையைப் போல இரண்டு மூன்று மடங்காகிறது. இவ்வடிகளில் எந்த ஒன்றும் தனியாகப் பாதத்தைக் காயப்படுத்துவதில்லை, எண்ணிக்கையே காயப்படுத்துகிறது.

இதைச் சோதிக்க, மயக்கமூட்டப்பட்ட எலிகளின் பாதத்தில் ஒரு பொறியின் துணையால் மிதமான அழுத்தத்தை நாள்தோறும் பல்லாயிரம் முறை கொடுத்தனர். முதல் நாளில் சிறிது சிவப்பு மட்டுமே தெரிந்தது. அடுத்தடுத்த நாட்களில் பாதம் வீங்கிச் சூடேறியது. அதே அழுத்தம் தொடர்ந்தபோது, ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் புண் திறந்தது. முதல் நாளில் தாங்கிய அதே அழுத்தத்தை, அழற்சியுற்ற சதையால் தாங்க முடியவில்லை. மற்றொரு பிரிவு எலிகளுக்கு அழுத்தத்தின் எண்ணிக்கையைக் குறைத்து, வார இறுதிகளில் ஓய்வும் கொடுத்தனர். அவற்றின் பாதங்களில் புண் வரவில்லை. மாறாக உள்ளங்கால் சதை தடித்து வலுப்பெற்றது. அழிக்கும் வேலையும் வளர்க்கும் வேலையும் ஒன்றே. இடையில் கிடைக்கும் ஓய்வே இரண்டையும் பிரிக்கிறது என்பது இவ்வாய்வின் முடிபு.

வெப்பத்தைப் படமாக்கும் கருவியைக் கொண்டு பாதத்தின் சூடான இடங்களையும் பிராண்ட் குழுவினர் அளந்தனர். புண் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவ்விடம் சூடேறிவிடுகிறது. அழுத்தத்தைக் காட்டும் சாயக் குமிழ்கள் பதித்த காலுறைகளையும் உருவாக்கினர். உணர்வுள்ள மனிதர் நெடுந்தொலைவு செல்லும்போது, தம்மை அறியாமலே அடிவைக்கும் முறையை மாற்றி, களைத்த இடத்திலிருந்து எடையை வேறிடத்துக்கு நகர்த்துகிறார் என்பது தெரியவந்தது. உணர்வற்றவர் முதல் அடியையும் கடைசி அடியையும் ஒரே இடத்திலேயே ஊன்றுகிறார்.

செயற்கை வலி

இழந்த வலியுணர்வுக்கு மாற்றாக ஒரு கருவியை அமைக்கவும் பிராண்ட் பல ஆண்டுகள் முயன்றார். அழுத்தத்தை உணரும் சிறு கருவிகள் கையுறைகளிலும் காலணிகளிலும் பொருத்தப்பட்டன. அழுத்தம் மிகும்போது ஒலி எழும். அதைப் பொருட்படுத்தாதவருக்கு மின்னதிர்ச்சி கிடைக்கும். எனினும் ஒரு வேலையை முடிக்க வேண்டும் என்னும் விருப்பம் மிகும்போது, நோயாளர் கருவியை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். விருப்பப்படி நிறுத்தக்கூடிய எச்சரிக்கை பயனற்றது என்று கண்டு, அத்திட்டம் கைவிடப்பட்டது. இத்தோல்வியைப் பிராண்ட் தம் நூலில் வெளிப்படையாக விவரித்துள்ளார்.

மீண்டும் நடக்கவும் ஓடவும் பழகுதல்

புண் ஆறிய பாதம் உடனே பழைய வேலைக்கு ஏற்றதாகிவிடுவதில்லை என்பதைப் பிராண்ட் வலியுறுத்தினார். மாவுக்கட்டைப் பிரித்தவுடன் நெடுந்தொலைவு நடந்தவர்களுக்கு அதே இடத்தில் புண் திரும்பியது. ஆகவே முதல் நாட்களில் சிறிது தொலைவே நடக்க வேண்டும். நடந்தபின் பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஓரிடம் சூடாக இருந்தால் அது தணியும் வரை ஓய்வளிக்க வேண்டும். தணிந்தபின் சிறிது சிறிதாகத் தொலைவைக் கூட்டலாம். புதிய காலணியையும் முதலில் சில மணிநேரம் மட்டுமே அணிந்து சோதிக்க வேண்டும்.

ஓட்டக்காரரின் பாதக் காயங்களும் பெரும்பாலும் இதே விதிக்கு உட்பட்டவை. நெடுந்தொலைவு நடந்த படைவீரரின் பாதங்கள் வீங்கி வலிப்பதை, பிரசிய நாட்டு இராணுவ மருத்துவர் பிரைட்டாவுப்ட் 1855இல் விவரித்தார். பாத எலும்பில் ஏற்படும் நுண்ணிய முறிவே அதற்குக் காரணம் என்பது ஊடுகதிர்ப் படம் வந்தபின் தெரிந்தது. குதிகால் வலி, குதிநாண் வலி போன்று ஓட்டக்காரரை நெடுநாள் தொல்லைப்படுத்துவனவும் ஓய்வை மிஞ்சிய சுமையால் வருபவையே. இத்தகைய காயத்திலிருந்து மீள்பவர் முதலில் வலியின்றி நடக்கவும், பின் நடையும் ஓட்டமும் மாறிமாறிச் செல்லவும், அதன்பின் ஓய்வு நாட்களை இடையில் விட்டுத் தொடர்ந்து ஓடவும் பழகுவது இன்று பரவலாகக் கையாளப்படும் முறை. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழைய திறனை எட்டிவிடலாம். எலும்பும் தசைநாணும் அதைவிட மெதுவாகவே வலுப்பெறுகின்றன. உடல் முந்த, பாதம் பிந்தும் இவ்விடைவெளியில்தான் காயம் திரும்ப வருகிறது.

வலியை மருந்தால் மறைத்துக்கொண்டு விளையாடுவதைப் பிராண்ட் கடுமையாக எதிர்த்தார். கணுக்காலில் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு களமிறங்கிய கூடைப்பந்து வீரர் ஒருவரின் எலும்பு, அவர் அறியாமலே முறிந்த நிகழ்வை அவருடைய நூல் எடுத்துக்காட்டுகிறது. நலமுள்ள ஒருவர் தம்மைத் தாமே உணர்வற்றவராக்கிக் கொள்வது அது என்பது அவர் கருத்து.

நீரிழிவு நோயும் பாதமும்

நெடுநாள் நீரிழிவு நோயுள்ளவருக்கும் பாதத்தின் உணர்வு குறைகிறது. அவர்களுடைய புண்கள் குருதிக் குழாய்க் கோளாற்றால் மட்டுமே வருவன என்று கருதப்பட்டுவந்தது. அவற்றுள் பல, தொழுநோயாளரின் புண்களைப் போலவே அழுத்தத்தால் வருவன என்பதைப் பிராண்ட் சுட்டிக்காட்டினார். தொடக்கத்தில் ஐயுற்ற மருத்துவர்களும், பாதத்தை நாள்தோறும் சோதித்து ஏற்ற காலணி அணியச் செய்தபோது கால் நீக்கங்கள் வெகுவாகக் குறைவதைக் கண்டு ஏற்றுக்கொண்டனர். இரு பாதங்களின் ஒரே இடத்தில் 2.2 பாகை செல்சியசுக்கு மேல் வெப்ப வேறுபாடு இருந்தால் ஓய்வு தேவை என்னும் பிற்கால வழிகாட்டல், கார்வில் ஆய்வுகளின் தொடர்ச்சியே.

தமிழ்நாட்டில் இதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. சிதம்பரம் போன்ற கோயில் நகரங்களில் வெயிலில் காய்ந்த கல்தளத்திலும் தேர் வீதிகளிலும் வெறுங்காலுடன் நடப்பது மரபு. உணர்வுள்ளவர் சூடு தாங்காமல் நிழலுக்கு விரைகிறார். உணர்வு குறைந்த நீரிழிவு நோயாளர் நிதானமாக நடந்து, வீடு திரும்பியபின் கொப்புளங்களைக் காண்கிறார்.

குடும்பம்

பிராண்ட் இணையருக்கு ஆறு பிள்ளைகள். தாயார் எவ்லின் பிராண்ட், ஊழிய அமைப்பு ஓய்வளித்த பின்னும் தம் சொந்தப் பொறுப்பில் மலைகளிலேயே தங்கினார். கொல்லிமலையுடன் பச்சைமலை, கல்வராயன் மலை முதலியவற்றிலும் பணி நடைபெற வேண்டும் என்பது அவரும் கணவரும் கொண்டிருந்த விருப்பம். கல்வராயன் மலையின் ஒரு பகுதி, கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய தென் ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. முதுமையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின், இரு மூங்கில் கோல்களை ஊன்றியும் மட்டக்குதிரையில் ஏறியும் ஊர் ஊராகச் சென்றார். 1974இல் 95ஆம் வயதில் மறைந்த அவர், கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

மாணவர்கள்

வேலூரில் பிராண்டிடம் பயின்றவர்களுள் மேரி வர்கீசு குறிப்பிடத்தக்கவர். 1954இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் இடுப்புக்குக் கீழ்ச் செயலிழந்த அவரை, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளில் அறுவை செய்யப் பிராண்ட் ஊக்குவித்தார். மேரி வர்கீசு பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தார்.

விருதுகளும் நூல்களும்

1952இல் இங்கிலாந்தின் அரச அறுவை மருத்துவர் கல்லூரி அவரை ஹண்டேரியன் பேராசிரியராகத் தேர்ந்தது. 1960இல் ஆல்பர்ட் லாசுக்கர் விருதும், 1961இல் பிரித்தானிய அரசின் சி.பி.இ. பட்டமும் பெற்றார். உலக நலவாழ்வு அமைப்பின் தொழுநோய் வல்லுநர் குழுவிலும் இடம்பெற்றிருந்தார்.

கையின் இயக்கவியல் குறித்த அவருடைய பாடநூல் 1985இல் வெளிவந்தது. பிலிப் யான்சியுடன் இணைந்து மனித உடலைப் பற்றி 1980இலும் 1984இலும் இரு நூல்களையும், வலியைப் பற்றி 1993இல் ஒரு நூலையும் எழுதினார். டோரதி கிளார்க் வில்சன் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு 1965இல் வெளிவந்தது.

மறைவு

ஓய்வுக்குப் பின் வாசிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில் வாழ்ந்த பிராண்ட், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் எலும்பு மருத்துவத் துறையுடன் தொடர்பு கொண்டிருந்தார். 2003ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள், தம் 89ஆம் பிறந்தநாளுக்கு ஒன்பது நாட்கள் இருந்தபோது காலமானார். மார்கரெட் பிராண்ட் 2014இல் மறைந்தார். பிராண்ட் பணியாற்றிய கரிகிரி நிலையத்திலும் வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் தொழுநோயாளருக்கும் நீரிழிவு நோயாளருக்குமான பாத மருத்துவம் தொடர்ந்து நடைபெற்று வருகிறது.